கோப்பையை எப்படிப் பிடித்திருக்கிறாள்?

அன்புள்ள அக்கா,

ஆன்லைனில் டாரோ (படச் சீட்டு எடுத்துக் குறி சொல்வது) வகுப்பில் சேர்ந்து ஆறு மாதமாகிறது. வைத்திருப்பது ரைடர் கட்டுதான். பெரிய சீட்டுகள் 22-ம் பழகிவிட்டன. எண் சீட்டுகளில் படத்தைப் பார்த்தாலே ஏதோ ஒரு கதை வந்துவிடுகிறது. இந்தக் கோர்ட் கார்டுகள், அதாவது கோல், கோப்பை, வாள், காசு என்ற நாலு வகையிலும் வரும் பேஜ் (ஏவல் பையன்), குதிரைவீரன், ராணி, ராஜா, இந்த 16-ம்தான் உயிரை எடுக்கின்றன. வகுப்பில் ஒவ்வொன்றுக்கும் ஐந்தைந்து குணம் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். இப்போது எண்பது குணமும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

போன வாரம் என் தங்கை, வேலையை விடலாமா என்று கேட்டாள். மூன்று சீட்டு எடுத்தேன். இப்போதைய நிலைக்கு வாள் குதிரைவீரன், யோசனைக்குக் காசு பேஜ், முடிவுக்குக் கோல் ராஜா. "யாருக்கா இந்த மூணு பேரும்?" என்றாள். முழித்தேன். இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

டாரோ வருங்காலத்தைச் சொல்லும் என்று நான் நம்புவதில்லை, இங்கே பல தடவை எழுதியதுதான். ஆனால் படம் பார்க்கவும், பார்த்தபடியே ஒருவரிடம் பேசவும் அதைவிட நல்ல சாக்கு எனக்குக் கிடைத்ததில்லை. என் பதிலை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் குணப் பட்டியலைத் தூர வையுங்கள். அது வந்த வழி அப்படி. உங்கள் கட்டு 1909-இல் லண்டனில் வெளியானது. யோசனை ஆர்தர் எட்வர்ட் வெயிட்டுடையது, படங்கள் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தவை. வெயிட் கூடவே ஒரு விளக்க நூலும் எழுதினார். கேள்வி கேட்பவருக்கான சீட்டை முடி நிறம், கண் நிறம் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார் அதில். பொன்னிற முடியும் நீலக் கண்ணும் என்றால் கோல். கறுத்த முடியும் கறுத்த கண்ணும் என்றால் காசு. அந்தக் கணக்கில் நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் காசுதான்! இன்னொரு வேடிக்கை, நாற்பது தாண்டிய ஆணுக்குக் குதிரைவீரனாம், அதற்குக் கீழே இருந்தால் ராஜாவாம். ஆளின் சுபாவத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்று அவரே கொஞ்சம் இறங்கியும் வருகிறார். ஆனாலும் சீட்டு என்றால் ஒரு ஆள் என்ற பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆதியில் இவை ஆட்களே இல்லை. இஸ்தான்புல் டோப்காபி அரண்மனையில் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்கள் காலத்துச் சீட்டுக்கட்டு ஒன்று இருக்கிறது. நாணயம், கோப்பை, வாள், போலோ மட்டை என்று நாலு வகை. ஒவ்வொன்றிலும் மாலிக், நாயிப், இரண்டாம் நாயிப். அதாவது அரசர், அவருடைய பிரதிநிதி, அவருக்கு அடுத்தவர். மனித உருவமே கிடையாது, பதவியின் பெயரை அழகாக எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான். (நம் ஆற்காட்டு நவாப்பின் 'நவாப்' இந்த 'நாயிப்' என்ற சொல்லின் பன்மையிலிருந்து வந்ததுதான்.) இந்த மாதிரிச் சீட்டு ஐரோப்பாவுக்குப் போனபோது போலோ அங்கே தெரியாத ஆட்டம், மட்டை வெறும் கோலாயிற்று. ராணி அங்கே போய்ச் சேர்ந்தவள். 15-ஆம் நூற்றாண்டில் மிலான் பிரபுக்களான விஸ்கோன்ட்டி குடும்பத்துக்காகச் செய்த ஒரு கட்டு இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதில் வகைக்கு ஆறு கோர்ட் கார்டுகள், குதிரையேறிய பெண்கூட உண்டு. 24-இல் நிற்காமல் 16-க்கு இறங்கினார்களே என்று சந்தோஷப்படுங்கள்.

அதனால் நான் இவற்றைப் பதவியாகவே பார்க்கிறேன். ஒரே பொருள் நாலு பேர் கையில் கொடுக்கப்படுகிறது. யார் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள்? கேட்க வேண்டியது இந்த ஒரு கேள்விதான்.

எண் சீட்டுகளில் பமீலா கதை வரைந்தார். கோர்ட் கார்டில் எல்லாரும் ஸ்டுடியோவில் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கிறார்கள், உங்களுக்குக் கதை வராததற்கு அதுதான் காரணம். ஆனால் பமீலா லண்டன் லைசியம் நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றியவர், உடையும் மேடைக் காட்சியும் அமைத்தவர். 1908-இல் ஓவிய மாணவர்களுக்கு எழுதிய ஒரு கட்டுரையில், சந்தோஷம், பயம், துக்கம் எதுவானாலும் முதலில் முழு உடம்பும் எப்படி இருக்கிறது என்று பாருங்கள், முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அடுத்த வருடம் அவர் வரைந்த சீட்டுகளுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

கோப்பை நாலையும் எடுத்து வரிசையாக வையுங்கள். பேஜ் இடுப்பில் ஒரு கை வைத்து நிற்கிறான். கோப்பையிலிருந்து ஒரு மீன் தலையை நீட்டி அவனைப் பார்க்கிறது, அவனும் அதைப் பார்க்கிறான். பயப்படவில்லை, கீழே போடவும் இல்லை. மனதுக்குள் எதிர்பாராமல் ஏதோ ஒன்று எட்டிப் பார்க்கிறபோது நாம் இருக்கிற நிலை இது. குதிரைவீரன் கோப்பையை முன்னால் நீட்டிக்கொண்டு போகிறான், யாருக்கோ கொடுக்க. குதிரை நடக்கிறதே தவிர ஓடவில்லை, ஓடினால் தளும்பிவிடும். ராணி கோப்பையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. மற்ற மூவர் கோப்பையும் திறந்திருக்க, அவளுடையது மட்டும் மூடியிருக்கிறது. உள்ளே என்ன என்று அவளுக்குத் தெரியும், நமக்குக் காட்ட மாட்டாள். கடைசியில் ராஜா. அலையடிக்கும் கடலுக்கு நடுவே ஒரு கல், அதன்மேல் அரியணை. கையில் கோப்பை இருக்கிறது, அவர் பார்வை வேறெங்கோ. பேஜின் கோப்பையில் உயிரோடு இருந்த மீன் இப்போது அவர் கழுத்தில் பதக்கமாகத் தொங்குகிறது. பின்னால் கடலில் நிஜ மீன் ஒன்று துள்ளுகிறது, அவர் திரும்பவில்லை. அடக்கியாளத் தெரிந்தவர் என்று சொல்லலாம், உணர்வை நகையாக்கிவிட்டவர் என்றும் சொல்லலாம். எது என்பது கேட்பவரின் கதையைப் பொறுத்தது.

உங்கள் ஐந்தைந்து குணத்தில் இந்த மீன் வந்ததா?

சீட்டுகளை நெருப்பு, நீர், காற்று, மண் என்று பிரிக்கும் கணக்கை உங்கள் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். இப்போதைக்கு வேண்டாம். நெருப்பு ராஜாவா குதிரைவீரனா என்பதிலேயே ஒத்த கருத்து கிடையாது. குரோலியும் ஃப்ரீடா ஹாரிஸும் செய்த தோத் என்ற இன்னொரு டாரோ கட்டில் ராஜா என்ற சீட்டே இல்லை.

"யார் இது" என்ற கேள்வியால் நான் பட்ட ஒரு அவஸ்தையைச் சொல்கிறேன். பழகிய புதிதில் கூட வேலை செய்த ஒரு பெண்ணுக்குச் சீட்டு எடுத்தேன். தடை என்ற இடத்தில் வாள் ராணி. வெயிட்டின் நூல் அவளுக்குக் கைம்மை, துக்கம், பிரிவு என்று ஒரு பட்டியல் போடுகிறது. நான் மேதாவித்தனமாக, "வயசான பொம்பளை ஒருத்தர் குறுக்கே நிக்கிறாங்க" என்றேன். "மாமியார்தான்!" என்றாள் அவள், பட்டென்று. ரெண்டு வாரம் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு ஒருநாள் அவளே வந்து சொன்னாள், மாமியாருக்கும் அந்த விஷயத்துக்கும் சம்பந்தமே இல்லையாம். ஒரு இடத்தில் முடியாது என்று சொல்ல வேண்டியதை இவள்தான் மூன்று மாதமாகச் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். சீட்டில் பாருங்கள், வலது கையில் வாள் நிமிர்ந்து நிற்கிறது, இடது கையை நீட்டியிருக்கிறாள். நேராகச் சொல்லிவிடு, வருகிறவர் வரட்டும் என்கிற தோரணை. தடையாக இருந்தது அந்தப் பேச்சு. நான் அதை ஒரு கிழவியாக்கிக் குடும்பத்துக்குள் அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து கோர்ட் கார்டுக்கு ஆள் பெயர் சொல்வதில்லை. கேட்பவரே, "இது எங்க அண்ணன் மாதிரியே இருக்கு" என்று சொன்னால் சரி, அண்ணனைப் பற்றிப் பேசுவோம்.

இனி உங்கள் தங்கைக்கு வருவோம். நாலு குதிரைகளையும் சேர்த்துப் பாருங்கள். காசுக் குதிரை உழுத நிலத்தில் நின்றே நிற்கிறது, கோப்பைக் குதிரை நடக்கிறது, கோல் குதிரை முன்னங்காலைத் தூக்கி எம்புகிறது, வாள் குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகிறது. இப்போதைய நிலையில் உங்களுக்கு வந்தது அந்தப் பாய்ச்சல். யோசனைக்கு வந்த பேஜ் ஒரு காசை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, வேறெதையும் பார்க்காமல் அதையே பார்க்கிறான். சம்பளச் சீட்டா, சேமிப்புக் கணக்கா, இன்னொரு படிப்புக்கான கட்டணமா என்பது அவளுக்குத்தான் தெரியும். கோல் ராஜா உட்கார்ந்திருந்தாலும் முழுசாக உட்காரவில்லை, எழுந்திருக்கப் போகிறவர் மாதிரி பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறார். காலடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பல்லி, நெருப்பில் வாழும் என்று அந்தக் காலத்தில் நம்பிய சாலமாண்டர். அவர் யார் என்று தங்கைக்குப் பதில் சொல்ல வேண்டாம். சீட்டை அவள் கையில் கொடுத்து, இவர் எழுந்து எங்கே போகப்போகிறார் என்று நீங்கள் அவளைக் கேளுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று, ராஜினாமா மெயிலை அவள் ஏற்கெனவே அடித்து டிராஃப்டில் போட்டு வைத்திருக்கிறாளா என்றும் கேட்டுவிடுங்கள். அந்தக் குதிரையைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

அன்புடன்,
அக்கா