வேலைக்கு வரும் அக்காவுக்கு லீவும் சம்பளமும்: நாலு வீடு சேர்ந்தால் கணக்கு எப்படி மாறும்?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 60 வீடுகள். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு துடைக்கும் அக்கா இன்னும் மூன்று வீடுகளுக்கும் போகிறார். இரண்டு மாதத்துக்கு முன்பு அதில் ஒரு வீட்டில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் வேலைக்கு வர முடியவில்லை. நான் முழுச் சம்பளம் கொடுத்தேன். ஒரு வீட்டில் பாதி கொடுத்தார்கள். மற்ற இரண்டு வீடுகளில் ஒன்றுமே இல்லை. இதைக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் எடுத்தேன். பேச்சு எங்கோ போய், “எல்லா வீட்டுக்கும் ஒரே ரேட் ஃபிக்ஸ் பண்ணிடலாம், அதுக்கு மேல யாரும் கொடுக்கக் கூடாது, சில பேர் ஏத்திக் கொடுத்து மார்க்கெட்டைக் கெடுக்கறாங்க” என்று முடிந்தது. நான் நினைத்தது இதற்கு நேர் எதிர். சில வீடுகளாவது சேர்ந்து லீவு, போனஸ், அடிபட்டால் உதவி என்று ஒழுங்காகச் செய்ய முடியுமா? வீட்டுக் கடன் தவணை போக எனக்கு மாதக் கடைசியில் கையில் நிற்பது குறைவு. எவ்வளவு கூடும்? பொது நிதி வைத்தால் யார் பொறுப்பு?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்த ‘ரேட் ஃபிக்ஸ்’ யோசனையைத் தள்ளி வையுங்கள். சம்பளம் கொடுப்பவர்கள் சேர்ந்து “இதற்கு மேல் கொடுக்க மாட்டோம்” என்று முடிவெடுத்தால், வேலை செய்பவருக்குப் பேரம் பேச இருக்கும் ஒரே வழியும் அடைபட்டுப் போகிறது. நீங்கள் போட வேண்டியது அடிவரம்பு. இதற்குக் கீழே யாரும் போகக் கூடாது. மேலே கொடுப்பது அவரவர் விருப்பம். இன்னொன்று, இதைக் குடியிருப்பு அசோசியேஷன் வழியாகச் செய்யாதீர்கள். வாசலில் யாரை உள்ளே விடுவது என்ற அதிகாரம் அவர்கள் கையில் இருக்கிறது. சம்பளம் பேசும் இடமும் கேட் பாஸ் கொடுக்கும் இடமும் ஒன்றானால், கேள்வி கேட்கும் பெண்ணின் பாஸ்தான் முதலில் ரத்தாகும்.

இனி செலவு. அக்காவுக்கு உங்கள் வீட்டில் மாதச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒரு நாள் விடுமுறை போக மாதத்துக்கு 26 வேலை நாள். ஒரு நாள் சம்பளம் 3.85.

ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பு, 15 நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று வைத்துக்கொள்வோம். இதைக் கேட்டதும் பலர் மலைக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்: மாதச் சம்பளம் 100 ஏற்கெனவே உங்கள் பட்ஜெட்டில் இருக்கிறது. பிடித்தம் செய்யாமல் விட்டால் புதிதாக ஒரு பைசாவும் போவதில்லை. மாற்று ஆள் வைத்தால்தான் செலவு. 27 நாளும் மாற்று ஆள் வைத்தாலும் ஆண்டுக்கு 104, மாதத்துக்கு 8.7. அந்த நாட்களில் பாதியை வீட்டில் இருப்பவர்களே சமாளித்தால் அதுவும் பாதியாகிவிடும். “லீவு கொடுத்தா கட்டுப்படியாகாது” என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. பிடித்தம் செய்வதில் கிடைக்கும் சில்லறை மிச்சத்தைத்தான் கட்டுப்படி என்கிறார்கள்.

போனஸாக ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்றால் மாதம் 8.3 ஒதுக்க வேண்டும். அடுத்தது, யாரும் பேசாத பணிக்கொடை. பத்து வருடம் வேலை பார்த்த ஒருவர், நீங்கள் வீடு மாறும்போது வெறுங்கையோடு போவதுதான் இங்கே வழக்கமாகிவிட்டது. இத்தாலியில் வீட்டுப் பணியாளருக்கும் இதற்குச் சூத்திரம் உண்டு: ஆண்டுச் சம்பளத்தை 13.5 ஆல் வகுத்து வரும் தொகை வருடாவருடம் அவர் பெயரில் சேரும். நம் கணக்கில் அது மாதம் 7.4.

எல்லாம் சேர்த்தால் மாற்று ஆள் இல்லாமல் சுமார் 16, முழுக்க மாற்று ஆளோடு சுமார் 24. அதாவது 100 கொடுக்கும் இடத்தில் 116 முதல் 124 வரை. இதில் போனஸும் பணிக்கொடையும் இன்றே கையை விட்டுப் போகும் பணம் இல்லை. தனியாக ஒரு தொடர் வைப்பு தொடங்கி மாதம் 16 போட்டு வாருங்கள். வீட்டுக் கடன் தவணையையும் அவசரகால நிதியையும் தொட வேண்டாம். முதல் ஆண்டு இவ்வளவும் முடியாது என்றால் விடுப்பையும் போனஸையும் தொடங்குங்கள், பணிக்கொடையை அடுத்த ஆண்டு சேருங்கள். எது முடியாது என்பதை அக்காவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

சம்பளத்தை நீங்கள் கடைசியாக எப்போது ஏற்றினீர்கள் என்று கடிதத்தில் இல்லை. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறி, சம்பளம் மூன்று வருடம் நின்ற இடத்திலேயே நின்றால், அவர் வாங்கும் 100-இன் மதிப்பு 86 ஆகச் சுருங்கிவிடும். நீங்கள் குறைக்கவில்லை, ஆனால் குறைந்துவிட்டது. அதனால் கேட்டால் ஏற்றுவது என்ற பழக்கத்தை விட்டு, ஒவ்வொரு ஆண்டும் இந்த மாதத்தில் விலைவாசிக்குக் குறையாமல் ஏற்றுவோம் என்று தேதி குறித்துவிடுங்கள்.

மணிக்கட்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் முக்கியமானது இதுதான். ஒருவரே நாலு வீட்டில் வேலை செய்யும்போது, அவருக்குக் காய்ச்சல் வந்தால் ஒவ்வொரு வீடும் “மத்த மூணு வீட்ல கொடுப்பாங்க” என்று நினைத்துக்கொள்கிறது. கடைசியில் யாரும் கொடுப்பதில்லை, அல்லது உங்களைப் போல ஒருவர் மட்டும் கொடுக்கிறார். இது உங்கள் குடியிருப்பின் கோளாறு மட்டும் கிடையாது. பிலடெல்பியா நகரம் 2019-இல் நிறைவேற்றிய வீட்டுப் பணியாளர் உரிமைச் சட்டம், பல வீடுகளில் செய்த வேலை நேரத்தையும் கூட்டி, விடுப்பு அந்தப் பணியாளரோடே சேர்ந்து போகும்படி எழுதப்பட்டதற்குக் காரணம் இதே சிக்கல்தான். இத்தாலியில் பணி அமர்த்துவோர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து நடத்தும் உதவி நிதி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வேலை மணிக்கும் இரு தரப்பிலிருந்தும் ஒரு சிறு தொகை அதில் சேர்கிறது.

இதை நீங்கள் சிறிய அளவில் செய்யலாம். 20 வீடுகள் சேருகின்றன, ஒவ்வொன்றும் சம்பளத்தில் 2 சதவீதத்தைப் பொது நிதியில் போடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். மாதம் 40, ஆண்டுக்கு 480. இப்போது அதே விபத்து நடக்கிறது. ஆறு வாரம் என்றால் 36 வேலை நாள். முதல் 12 நாள் நோய் விடுப்பு. அது அந்தந்த வீட்டின் பொறுப்பு. மீதி 24 நாளுக்கு ஒரு வீட்டுக்கு 92 வீதம் நாலு வீட்டுக்கும் 368, பொது நிதியிலிருந்து. அக்காவுக்கு முழுச் சம்பளமும் கிடைத்தது, நிதியில் இன்னும் 112 மிச்சம். நாலு வீடுகளும் தங்கள் கையில் மிஞ்சும் அந்த 24 நாள் சம்பளத்தை வைத்து மாற்று ஆளுக்குக் கொடுத்துக்கொள்ளலாம். நீங்கள் தனியாகச் செய்தபோது மாதக் கடைசியில் திண்டாடிய செலவு, இப்படிப் போனால் மாதம் 2 என்ற அளவில் முடிகிறது.

சின்ன இழப்பு வீட்டோடு, பெரிய இழப்பு நிதியோடு என்ற இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒரு நாள் தலைவலிக்கெல்லாம் பொது நிதியில் கைவைத்தால் ஆறே மாதத்தில் அது காலி. அதேபோல் முதல் வருடத்திலேயே இரண்டு பேருக்குப் பெரிய விபத்து என்றால் 480 தாங்காது. அதனால் நிதி தொடங்கிய கையோடு, சேர்ந்த வீடுகளில் வேலை செய்யும் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு விபத்துக் காப்பீடு கிடைக்குமா என்று விசாரியுங்கள். குழுவாக எடுப்பது பொதுவாகத் தனித்தனியாக எடுப்பதைவிட மலிவு.

பொறுப்பு யாருக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டுக் கணக்கு, மூன்று பேர் கையெழுத்து, அதில் ஒருவர் வேலை செய்பவர்கள் தேர்ந்தெடுத்த ஒருவராக இருக்க வேண்டும். மாதம் எவ்வளவு வந்தது, யாருக்கு எதற்காகப் போனது என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் காட்டுங்கள். குடியிருப்புப் பராமரிப்புக் கணக்கோடு கலக்காதீர்கள். முன்பணம் கொடுக்க இந்த நிதியை எடுக்கவும் வேண்டாம். முன்பணம் கொடுப்பவர் தன் கையிலிருந்து கொடுக்கட்டும். மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்க வேண்டாம். “கடன் அடையும் வரை வேறெங்கும் போகக் கூடாது” என்ற நிபந்தனை வேண்டவே வேண்டாம், அது கொத்தடிமைக் கணக்கு.

எங்கிருந்து தொடங்குவது? 60 வீட்டையும் கூட்டாதீர்கள், ஒன்றும் நடக்காது. அக்கா போகும் அந்த நாலு வீடுகளை மட்டும் முதலில் உட்காரவையுங்கள். அதற்கும் முன்னால் அக்காவிடம் பேசுங்கள். அவருக்குப் போனஸைவிட, மாதம் 1-ஆம் தேதி சம்பளம் கைக்கு வருவது பெரிதாக இருக்கலாம். விருந்தாளிகள் வந்துபோன மறுநாள் தொட்டி நிறையக் கிடக்கும் பாத்திரத்துக்கு யாரும் தனியாகக் கொடுப்பதில்லை என்பது அவர் மனதில் இருக்கலாம். பிறகு ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: என்ன வேலை, எத்தனை மணி நேரம், சம்பள நாள், கூடுதல் மணிக்கு எவ்வளவு, விடுப்பு, ஏற்றும் மாதம், நிறுத்துவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு. அவருக்குப் புரியும் மொழியில், அவரிடமும் ஒரு பிரதி.

இது அதிகப்படி இல்லையா என்று யாராவது கேட்டால், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் ஏற்றுக்கொண்ட 189-ஆம் உடன்படிக்கை கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான் என்று சொல்லுங்கள்: புரியும்படியான வேலை நிபந்தனைகள், வாரத்துக்குத் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு, மாதம் ஒரு முறையாவது சம்பளம். அதே அமைப்பின் மதிப்பீட்டில் உலகில் 7.5 கோடிப் பேருக்கு மேல் இந்த வேலை செய்கிறார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு எந்த முறையான பாதுகாப்பும் இல்லை.

அந்தப் பக்கத்தின் கீழே பாதுகாப்புக்கும் நாலு வரி வேண்டும். உங்கள் அக்கா விழுந்த தரையில் ஒரு ரப்பர் மிதியடி கிடந்திருந்தால் ஆறு வாரச் சம்பளப் பேச்சே வந்திருக்காது. கழிவறை கழுவும் ஆசிட் லேபிள் இல்லாத பாட்டிலில் இருக்கக் கூடாது. ஆசிட்டையும் ப்ளீச்சையும் ஒன்றாக ஊற்றவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். கையுறை வீட்டுக்காரர் செலவு. மாடி ஜன்னலின் வெளிப்பக்கத்தைத் துடைக்கச் சொல்லக் கூடாது.

“மார்க்கெட்டைக் கெடுக்கறீங்க” என்பவர்களிடம் வாதம் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். ஆனால் அதைச் சொல்பவர்களில் ஒரு சாரார் நிஜமாகவே முடியாதவர்கள்: ஓய்வூதியத்தில் வாழும் முதியவர், படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ள முழுநேர ஆள் வைத்திருக்கும் குடும்பம். துடைக்கிற வேலை என்றால் நாள் விட்டு நாள் என்று நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், மணிக் கூலியைக் குறைக்காமல். பராமரிப்பு வேலையில் அதுவும் முடியாது. அங்கே அரசிடம் கேட்பதுதான் வழி, அதற்கும் கூட்டம் சேர்ந்த குரல் வேண்டும். பிரான்சில் வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக் கணக்குக் காட்டினால் செலவில் 50 சதவீதம் வரிச் சலுகையாகத் திரும்பி வருகிறது, ஓர் உச்சவரம்பு வரை. வேலை நேரத்தை வீட்டுக்காரர் பதிந்தால் போதும். காப்பீட்டுத் தொகையைக் கணக்கிடுவதையும் சம்பளச் சீட்டு தருவதையும் அரசு அமைப்பே பார்த்துக்கொள்கிறது. உருகுவேயில் 2008-இல் இல்லத்தரசிகள் சங்கம் வீட்டுக்காரர்கள் தரப்பில் மேசையில் உட்கார்ந்து, தொழிற்சங்கத்தோடும் அரசோடும் பேசிச் சம்பள ஒப்பந்தம் போட்டது. அந்தப் பேச்சுவார்த்தை தொடங்கிய ஆகஸ்ட் 19 இப்போது அங்கே வீட்டுப் பணியாளருக்குச் சம்பளத்தோடு விடுமுறை.

கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். உங்கள் பகுதியில் இந்த வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கப்பட்டிருந்தால் உங்கள் அடிவரம்பு அதற்குக் கீழே போகக் கூடாது. வீட்டுப் பணியாளரைப் பதிவு செய்யவோ காப்பீட்டுத் தொகை கட்டவோ சட்டம் சொன்னால், அது ஒவ்வொரு வீட்டின் தனிப் பொறுப்பு. குழு அதை ஏற்றுக்கொள்ள முடியாது. குழு ஆள் அனுப்பும் ஏஜென்சியாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்திலேயே “ஒவ்வொரு வீடும் தனித்தனியே பணி அமர்த்துபவர்” என்று ஒரு வரி இருக்கட்டும்.

முதல் கூட்டத்தை அக்கா ஓய்வெடுக்கும் நாளில் வைக்காதீர்கள். வேலை நேரத்திலேயே வையுங்கள். உட்கார்ந்து பேசும் அந்த ஒரு மணி நேரத்துக்கும் நாலு வீடும் பகிர்ந்து கூலி கொடுத்துவிடுங்கள்.