ரோத்சைல்டு என்ற வங்கியாளர் குடும்பத்தின் பெயருக்கு என்ன பொருள்? அது எப்படி வந்தது?

சிவப்புக் கேடயம், அவ்வளவுதான். ஜெர்மன் மொழியில் ‘ரோட்’ என்றால் சிவப்பு; ‘ஷில்ட்’ என்பது கேடயத்தையும் குறிக்கும், பெயர்ப்பலகையையும் குறிக்கும். ஃபிராங்க்ஃபர்ட் நகரின் யூதர் தெருவில் அப்போது கதவிலக்கம் கிடையாது. வீட்டு முகப்பில் இருந்த சின்னம்தான் முகவரி. 16ஆம் நூற்றாண்டில் இவர்களுடைய முன்னோர் சிவப்புக் கேடய வீட்டில் குடியிருந்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், பிறகு வீடு மாறியும் பெயர் மாறவில்லை. 1744இல் பிறந்து குடும்பத்தின் வங்கித் தொழிலுக்கு அடித்தளமிட்ட மாயர் அம்ஷெல் பிற்பாடு குடியேறியது பச்சைக் கேடய வீட்டில்! அவருடைய ஐந்து மகன்களும் ஃபிராங்க்ஃபர்ட், லண்டன், பாரிஸ், வியன்னா, நேப்பிள்ஸ் என ஆளுக்கொரு நகரில் தொழில் நடத்தினார்கள். பெயரின் கடைசியில் ‘சைல்டு’, அதாவது ‘குழந்தை’ இருப்பதாகப் பலர் நினைப்பது ஆங்கில உச்சரிப்பு செய்த குழப்பம்.