நடு வீதியைக் கடந்தது குற்றமா?

தம்பி, பரந்தனிலிருந்து கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்த மூன்றாம் கிழமையில் நீங்கள் பேருந்தைப் பிடிக்க நடு வீதியைக் கடந்ததாகவும், ஒரு சாரதி ஏசியதாகவும், "ஜேவோக்கிங் (கடவையில்லாமல் வீதியைக் கடப்பது) குற்றம், உன் அகதி வழக்கையே பாதிக்கும்" என்று கூட வேலை செய்பவர் பயமுறுத்தியதாகவும் எழுதிக் கேட்டிருந்தீர்கள். விடுமுறைக்கு வந்து கிளிநொச்சியில் அம்மாவின் வீட்டிலிருந்து இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் பயத்தை விடுங்கள். நீங்கள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் அது மாகாணப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ்த் தண்டம் கட்டும் விடயமே தவிர, குற்றவியல் பதிவில் ஏறுவதன்று. கடவை அருகில் இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். இல்லாத இடத்தில், வாகனங்களுக்கு வழிவிட்டுக் கடப்பதற்குத் தடை இல்லை.

என் மனத்தை உறுத்துவது 'ஜேவோக்கிங்' என்ற அந்தச் சொல்தான். அமெரிக்கப் பேச்சுவழக்கில் 'ஜே' என்றால் நகரத்து நடைமுறை தெரியாத நாட்டுப்புறத்தான். நம் ஊரில் 'காட்டான்' என்று ஏசுவதைப் போன்றது. நேற்று முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்றேன். ஏ-9 வீதியில் வந்த பேருந்து ஓரங்கட்ட, சாரதி இறங்கித் தேங்காய் உடைத்தார். கச்சான் சரையோடு ஓர் அம்மம்மா பேரனின் கையைப் பிடித்துக் குறுக்கே நடக்க, எதிரே வந்த லொறி தானாகவே வேகத்தைக் குறைத்தது. மோட்டார் வாகனம் பெருகும் முன்னர் அமெரிக்க நகரங்களிலும் வீதி நடப்பவர்களுடையதாகவே இருந்தது. பிள்ளைகள் அதிலேயே விளையாடினார்கள். விபத்துச் சாவுகள் கூடியபோது மக்கள் வாகனங்களைத்தான் குற்றஞ்சாட்டினார்கள். 1923இல் சின்சினாட்டி நகரில், வாகனங்கள் மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓடாதபடி கருவி பூட்ட வேண்டும் என்று 42,000 பேர் கையொப்பமிட்டார்கள். வாகன வியாபாரிகள் திரண்டு எதிர்த்துப் பிரசாரம் செய்ய, வாக்கெடுப்பில் அது தோற்றது. அதன் பின்னர் வாகனத் துறையினர் 'ஜேவோக்கர்' என்ற ஏச்சைப் பரப்பி, பழியை நடப்பவர் மீது திருப்புவதில் மும்முரமானார்கள். நடப்பவர்களைக் கட்டுப்படுத்த 1925இல் லொஸ் ஏஞ்சல்ஸ் இயற்றிய விதிகள் மற்றைய நகரங்களுக்கும் முன்மாதிரியாயின. ஆகவே, அந்தச் சொல்லைக் கேட்டு நீங்கள் தலைகுனியத் தேவையில்லை. கலிபோர்னியாவே 2023 முதல், உடனடி ஆபத்து இல்லாதபோது குறுக்கே கடப்பவரைப் பொலிஸ் மறிக்கக் கூடாது என்று சட்டத்தை மாற்றிவிட்டது. நியூயோர்க் நகரமும் 2024இல் அனுமதித்தது.

சட்டம் உங்களுக்குத் தரும் உரிமையையும் அறிந்துகொள்ளுங்கள். 2016 முதல் ஒன்ராறியோவில், பாதசாரிகளுக்கெனத் தனிப் பலகையும் குறிகளும் இட்ட கடவையில் (pedestrian crossover) நீங்கள் மறுகரை சேரும்வரை சாரதி காத்து நிற்க வேண்டும். சமிக்ஞை விளக்கில் முறைப்படி இறங்கிய பின்னர் 'நில்' என்னும் கை அடையாளம் மின்னத் தொடங்கினால், பதறித் திரும்பி ஓடாதீர்கள். கடந்து முடிக்கும் உரிமை உங்களுடையது.

உண்மையான ஆபத்து நம் கழுத்தின் பழக்கத்தில் இருக்கிறது. இங்கே வாகனங்கள் இடப்பக்கம் ஓடுவதால் நாம் முதலில் வலப்பக்கம் பார்த்துப் பழகியவர்கள். என் முதல் பனிக்காலத்தில் அப்படிப் பார்த்து இறங்கியபோது, இடப்பக்கமிருந்து வந்த வான் என் முழங்காலுக்கு ஒரு முழத் தூரத்தில் வழுக்கி நின்றது. அங்கே முதலில் இடப்பக்கம் பாருங்கள், தம்பி.