தினமும் ஜெபிக்கிறேன், வேதம் வாசிக்கிறேன். ஆனாலும் இச்சையடக்கம் ஏன் வரவில்லை?

கேள்வி கேட்டவர் விவரத்தில் எழுதியிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஞானஸ்நானம் எடுத்துப் பல வருடம் ஆகிவிட்டது, ஜெபமும் வேதவாசிப்பும் தவறுவதில்லை. ஆனால் கோபம் வந்தால் வாய் நிற்பதில்லை, ராத்திரி போனை எடுத்தால் பார்க்கக்கூடாததைப் பார்க்காமல் கீழே வைக்க முடிவதில்லை. இச்சையடக்கம் ஆவியின் கனி, அதாவது பரிசுத்த ஆவியானவர் நமக்குள் விளைவிக்கிற குணம் என்றால், எனக்குள் ஆவியானவர் இல்லையா என்று கேட்கிறார்.

அந்தப் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் ஆவியின் கனியைப் பற்றிய 22, 23 வசனங்களை நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம், ஆனால் அதற்குக் கொஞ்சம் மேலே 17-ஆம் வசனத்தில் மாம்சமும் (நம் பாவ சுபாவமும்) ஆவியும் ஒன்றுக்கொன்று விரோதமாயிருக்கிறது என்று பவுல் எழுதியிருப்பதை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். அதை அவர் அவிசுவாசிகளுக்கு எழுதவில்லை, சபைக்குத்தான் எழுதுகிறார். உங்களுக்குள் நடக்கிற இந்தப் போராட்டத்தை வைத்து ஆவியானவர் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். எதுவுமே உறுத்தாமல் செய்துகொண்டே போகிற ஒருவர் இந்தக் கேள்வியை இங்கே வந்து கேட்டிருக்கவே மாட்டார்.

சரி, அப்புறம் ஏன் வரவில்லை? என் கருத்து என்னவென்றால், நாம் இச்சையடக்கத்தைத் தப்பான நேரத்தில் தேடுகிறோம், அதுவும் தனியாகத் தேடுகிறோம். சோதனை கண்முன் வந்து நிற்கிற அந்தக் கணத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல், நானே ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறோம். வேதம் காட்டுகிற வழி பெரும்பாலும் அப்படி இல்லை.

1 சாமுவேல் 24, 25 இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள், தயவுசெய்து. தன்னைக் கொல்ல 3000 பேரோடு தேடி வந்த சவுல் ராஜா, என்கேதி என்கிற இடத்தில் ஒரு கெபியில் (குகையில்) தாவீதின் கைக்கெட்டும் தூரத்தில் தனியாக இருக்கிறான். கூட இருக்கிறவர்கள் இதுதான் கர்த்தர் கொடுத்த நாள் என்று தூண்டிவிடுகிறார்கள். தாவீது சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்துக்கொண்டு வந்துவிடுகிறான், அதற்கே அவன் மனம் அடித்துக்கொள்கிறது. இவ்வளவு அடக்கம் உள்ள மனுஷன் அடுத்த அதிகாரத்தில் என்ன செய்கிறான்? நாபால் என்கிற பணக்காரன் அவன் அனுப்பிய வாலிபர்களிடம் 'தாவீது என்பவன் யார்' என்று ஏளனமாகப் பேசி வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறான். அவ்வளவுதான். பட்டயத்தைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லி தாவீது 400 பேரோடு கிளம்பிவிடுகிறான், விடியும்முன் அந்த வீட்டு ஆண்களில் ஒருவனையும் உயிரோடு வைக்கக்கூடாது என்கிற வெறியோடு.

ராஜா கொல்ல வந்தபோது அடங்கிய மனம், ஒரு அவமரியாதையான வார்த்தைக்கு உடைந்துபோனது. கெபியில் இருந்தது கர்த்தர் அபிஷேகம்பண்ணின ராஜா. அவன்மேல் கைபோடக் கூடாது என்பது தாவீதுக்குள் உறுதியாக இருந்தது. நாபால் விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை, அங்கே காயப்பட்டது அவனுடைய மானம். நமக்கும் இதேதான் நடக்கிறது. பெரிய பாவம் என்று பெயர் தெரிந்த இடத்தில் விழிப்பாக இருக்கிறோம், வீட்டில் ஒரு சின்னக் குத்தல் பேச்சுக்கு எல்லாம் போய்விடுகிறது. ஒரு இடத்தில் அடக்கம் இருக்கிறது என்பதால் எல்லா இடத்திலும் இருக்கும் என்று யாரும் நம்பிவிடக்கூடாது.

அன்றைக்குத் தாவீதைத் தடுத்தது அவனுடைய மனஉறுதி இல்லை. நாபாலின் மனைவி அபிகாயில் அப்பங்களையும் சமைத்த ஆடுகளையும் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு வழியிலேயே எதிரே வந்து, முகங்குப்புற விழுந்து பேசுகிறாள். அவள் பேச்சில் எனக்கு மிகவும் பிடித்த இடம், வருங்காலத்தைக் காட்டுகிற இடம்: கர்த்தர் உங்களை இஸ்ரவேலுக்குத் தலைவனாக வைக்கும் நாளில், வீணாக இரத்தம் சிந்தினோமே என்கிற உறுத்தல் உங்களுக்கு இருக்க வேண்டாம் என்கிறாள். தாவீது அங்கே என்ன செய்தான் என்பதுதான் முக்கியம். 'நீ யார் எனக்குச் சொல்ல' என்று கேட்கவில்லை. உன்னை அனுப்பின கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லி, 400 பேர் பார்த்துக்கொண்டிருக்க, போட்ட சபதத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் போகிறான். இதையும் நான் இச்சையடக்கம் என்றுதான் சொல்வேன். பாதி தூரம் போய்விட்ட பிறகும், இன்னொருவர் தடுக்கும்போது நின்றுவிடுவது.

உங்கள் கேள்வியில் அப்படி ஒரு ஆள் எங்கேயும் இல்லை, அதைக் கவனித்தேன். ஜெபம் இருக்கிறது, வேதம் இருக்கிறது, ஆனால் இந்தப் போன் விஷயம் தெரிந்த ஒரு மனுஷர்கூட இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. சபை முழுவதற்கும் சொல்ல வேண்டாம், சாட்சி நேரத்தில் எழுந்து நின்று சொல்லச் சொல்லவும் இல்லை. வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்த, உங்களைவிட விசுவாசத்தில் முதிர்ந்த ஒருவர் போதும், அண்ணன் முறையோ அக்கா முறையோ, நீங்கள் ஆணானால் ஆண், பெண்ணானால் பெண். அவர் கேட்கும்போது உண்மையைச் சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

அடுத்தது, நேரம். ரோமர் 13:14 துர்இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாதிருங்கள் என்கிறது. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, அறைக் கதவு சாத்தியிருக்க, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கையில் போனோடு கிடக்கிறபோது, சும்மா ஐந்து நிமிஷம் என்று விரல் மேலே தள்ளிக்கொண்டே போகிறது, அங்கிருந்து ஒன்று, அதிலிருந்து இன்னொன்று. அந்தக் கட்டத்தில் 'ஆண்டவரே பெலன் தாரும்' என்று ஜெபிப்பது தப்பில்லை, அவர் கேட்கவும் செய்கிறார். ஆனால் அந்த ஜெபத்துக்கான பதிலை நீங்கள் சாயங்காலமே செய்திருக்கலாம்: சார்ஜரைப் படுக்கை அறையில் வைக்காமல் ஹாலில் வைப்பது. இது ஆவிக்குரிய விஷயமா என்று சிலர் கேட்பார்கள். யோசேப்பு, தன்னைத் தவறுக்கு அழைத்த எஜமான் போத்திபாரின் மனைவியிடம் நின்று வாதாடிக்கொண்டிருக்கவில்லை, வஸ்திரத்தை அவள் கையிலேயே விட்டுவிட்டு வெளியே ஓடினான். அதற்கு முன்பே, அவள் நாள்தோறும் பேசிவந்தபோதும், அவளோடே இருக்கவும் அவன் சம்மதிக்கவில்லை என்று ஆதியாகமம் 39:10 சொல்கிறது. 1 கொரிந்தியர் 10:13-ல் தேவன் சோதனையோடுகூட உண்டாக்குவதாகச் சொல்கிற தப்பிக்கொள்ளும் போக்கு, பல நேரங்களில் இப்படிச் சாதாரணமாக, வாசல் கதவு மாதிரி கண்முன்னே இருக்கிறது.

கோபத்துக்கும் அப்படித்தான். எந்த நேரத்தில், யாரோடு, எந்தப் பேச்சில் வெடிக்கிறீர்கள் என்று கவனித்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு இடம்தான் திரும்பத் திரும்ப வரும். பசியோடு, களைப்போடு, பண விஷயம் பேசும்போது, இப்படி. அந்தப் பேச்சைக் களைப்பு தீர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சங்கீதம் 141:3-ல் 'கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்' என்று ஒரு ஜெபம் இருக்கிறது. காவல் என்றால் திருடன் வருவதற்கு முன்பே நிற்பது, அதனால் அதைக் காலையில் ஜெபியுங்கள்.

உபவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1 கொரிந்தியர் 9:25-ல் பந்தயத்துக்குப் போராடுகிறவர்கள் எல்லாவற்றிலும் இச்சையடக்கமாயிருப்பார்கள் என்று பவுல் எழுதுகிறார், கொரிந்துக்குப் பக்கத்திலேயே இஸ்த்மியப் போட்டிகள் 2 வருடத்துக்கு ஒருமுறை நடந்ததால் அந்த மக்களுக்கு அது நன்றாகவே புரிந்திருக்கும். ஓடுகிறவன் பந்தய நாளில் மட்டும் ஓடிப் பழகுவதில்லை. பாவமில்லாத ஒரு காரியத்தில், ஒருவேளைச் சாப்பாட்டிலோ ஒரு வசதியிலோ, 'வேண்டாம்' என்று சொல்லிப் பழகுவதற்கு உபவாசம் நல்ல இடம். ஆனால் விதிகளைக் குவித்துக்கொண்டே போகாதீர்கள். தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே என்கிற கட்டளைகளால் மாம்சம் அடங்கிவிடாது என்று கொலோசெயர் 2-ஆம் அதிகாரமே எச்சரிக்கிறது. தீத்து 2:11, 12-ல் லௌகிக இச்சைகளை வெறுத்து வாழ நமக்குப் போதிக்கிறது எது என்று பாருங்கள். தேவனுடைய கிருபை. நான் நேசிக்கப்பட்டவன் என்பதிலிருந்து தொடங்குகிற அடக்கமும், தள்ளப்பட்டுவிடுவேனோ என்கிற பயத்தில் தொடங்குகிற அடக்கமும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும், ஆனால் விழுந்த மறுநாள் வித்தியாசம் தெரிந்துவிடும். முதலாமவர், பாவங்களை அறிக்கையிட்டால் தேவன் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9-ஐப் பிடித்துக்கொண்டு அன்றைக்கே ஜெபத்துக்குத் திரும்பி வருவார். இரண்டாமவர் வெட்கத்தில் வாரக்கணக்கில் ஆண்டவர் பக்கமே போகமாட்டார், அந்த வாரங்களில்தான் பழக்கம் இன்னும் இறுகுகிறது.

இன்னொன்று, பழக்கம் அடிமைத்தனமாகவே மாறியிருந்தால், அல்லது கோபத்தில் கை ஓங்குகிற அளவுக்குப் போயிருந்தால், ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. கை ஓங்குகிற நிலை என்றால் முதலில் வீட்டிலிருக்கிறவர்களுடைய பாதுகாப்பு, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய முடியாது, தேவையும் இல்லை. இன்றைக்கு ராத்திரி சார்ஜரை ஹாலுக்கு மாற்றுங்கள், யாரிடம் பேசலாம் என்று மனதில் ஒரு பெயர் வந்திருந்தால் அவரிடம் 'இந்த வாரம் ஒரு அரைமணி நேரம் கிடைக்குமா' என்று மட்டும் இப்போதே கேட்டுவிடுங்கள். விஷயத்தை நேரில் சொல்லிக்கொள்ளலாம்.