கடிகாரம் யார் கையில்? – வாசகர் கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் 14 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். இந்தக் காலத்துக்குள் ஐந்து எஸ், கைசன், சிக்ஸ் சிக்மா, லீன் என, தரத்தையும் உற்பத்தியையும் உயர்த்துவதற்கான மேலாண்மை முறைகள் ஒன்றன்பின் ஒன்றாக எத்தனையோ வந்துவிட்டன. ஒவ்வொரு முறையும் பயிற்சி நடக்கும், உறுதிமொழி எடுப்போம், சுவரெல்லாம் வரைபடங்கள் ஒட்டுவோம். ஓராண்டு போனால், ஆடிட் வரும் வாரத்தில் மட்டுமே அவற்றைத் தூசி தட்டுவோம். இப்போது அடுத்த திட்டத்துக்கு என்னையே ஒருங்கிணைப்பாளராக இருக்கச் சொல்கிறார்கள். ஜப்பானியரை உயர்த்தியவை இதே முறைகள்தான் என்றால், எங்களிடம் அவை ஏன் வேர்பிடிக்கவில்லை? மேலாண்மைக் கருத்துகள் என்பவை ஆலோசகர்கள் விற்கும் பருவகால மோகங்கள்தானா? இந்தப் பொறுப்பை நான் ஏற்கலாமா?

– ஓசூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவை வெறும் மோகங்கள் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் பட்டியலிட்ட ஒவ்வொன்றும் எங்கோ ஒரு பட்டறையில், யாரோ ஒருவரின் உண்மையான சிக்கலிலிருந்து பிறந்தது. நம்மிடம் வந்து சேர்வது விடை மட்டும்தான். எந்தக் கேள்விக்கு அது விடையோ அந்தக் கேள்வியும், அந்த விடைக்காக யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்ற கணக்கும் வழியிலேயே நின்றுவிடுகின்றன.

இதன் தொடக்கத்தில் நிற்பவர் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர். அவர் பிலடெல்பியாவின் மிட்வேல் உருக்காலையில் தொழிலாளியாகத் தொடங்கி மேலே வந்தவர். தொழிலாளர்கள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதை அவர் கண்டார். வேகமாகச் செய்து காட்டினால் முதலாளி உருப்படிக் கூலியை, அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் தரும் கூலியை, குறைத்துவிடுவார் என்பதுதான் அதற்குக் காரணம் என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஒரு வேலைக்கு நியாயமாக எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஸ்டாப் வாட்ச் கொண்டு அளந்துவிட்டால் இரு தரப்புக்கும் இடையிலான இழுபறி தீரும் என்று அவர் நம்பினார். ஆனால் 1911 ஆகஸ்ட் மாதம், பாஸ்டனுக்கு அருகிலுள்ள வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் அந்தக் கடிகாரத்தோடு அதிகாரிகள் வார்ப்படப் பிரிவுக்குள் நுழைந்தபோது, தன் வேலையை அளக்கவிட ஒரு தொழிலாளி மறுத்தார். அவர் வேலைநீக்கம் செய்யப்பட்டதும் மற்றவர்களும் வெளியேறினார்கள். விவகாரம் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை வரை போனது. 1915 முதல் அத்தகைய அரசு ஆலைகளில் ஸ்டாப் வாட்ச் வைத்து அளப்பதற்குத் தடை வந்தது. தன் முறையின் சாரம் இரு தரப்பின் மனமாற்றமே என்று டெய்லர் அந்த விசாரணையில் வாதிட்டார். அவர் அதை உளமாரச் சொன்னார் என்றே நான் நம்புகிறேன். ஆனாலும் கடிகாரம் அதிகாரியின் கையில் இருந்தவரை, அது அளந்த ஒவ்வொரு நொடியும் தங்களுக்கு எதிராகப் பயன்படும் என்ற அச்சம் தொழிலாளியிடம் இருந்தது. அந்த அச்சத்துக்கு நியாயமும் இருந்தது.

ஜப்பானில் இந்தக் கதை வேறு திசையில் திரும்பியது. கார் நிறுவனமான டொயோட்டாவின் பொறியாளர் தைச்சி ஓனோ வளர்த்தெடுத்த, பின்னாளில் லீன் என்று பெயர்பெற்ற உற்பத்தி முறைக்குப் பின்னால் அந்நாட்டின் பண்பாடு இருப்பதாகப் பலர் பேசுகிறார்கள். எனக்கு அது போதுமான விளக்கமாகத் தோன்றவில்லை. 1950இல் அந்நிறுவனம் திவாலாகும் நிலையில் இருந்தது. நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆயிரத்துக்கும் அதிகமானோர் வெளியேறினார்கள், நிறுவனர் கிச்சிரோ டொயோடாவும் பதவி விலகினார். எஞ்சியவர்களின் வேலை பாதுகாக்கப்படும் என்ற புரிதல் இரு தரப்புக்கும் இடையே அந்தக் காயத்திலிருந்துதான் உருவானது. தான் சொல்லும் யோசனை தன் வேலையையே பறிக்காது என்ற உறுதி இருந்ததால்தான் தொழிலாளி யோசனை சொன்னார்.

பண்பாடு மட்டுமே காரணமல்ல என்பதற்குக் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஒரு சான்று உண்டு. அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் ஆலையில் வேலைக்கு வராதோர் 20 சதவீதம் வரை இருந்தனர். எது நடந்தாலும் லைன், அதாவது கார்கள் நகர்ந்தபடியே பொருத்தப்படும் வரிசை, நிற்கக் கூடாது என்பதே அங்கு விதி; குறையுள்ள கார்களும் நகர்ந்துகொண்டே இருக்கும், பிறகுதான் சரிசெய்யப்படும். 1982இல் ஆலை மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவோடு கூட்டு சேர்ந்து நம்மி என்ற பெயரில் அது மீண்டும் திறக்கப்பட்டபோது, வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேர் பழைய ஆலையின் ஆட்களே, தொழிற்சங்கமும் அதுவே. இரண்டே ஆண்டுகளில் அது ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளிலேயே முதல்தரமான உற்பத்தித் திறனை எட்டியது. வராதோர் விகிதம் 3, 4 சதவீதமாக இறங்கியது.

என்ன மாறியது? பழைய ஆலையில் வேலையின் அளவையும் வேகத்தையும் வகுக்க 80 பொறியாளர்கள் இருந்தார்கள். புதிய ஆலையில் அந்தப் பணியைத் தொழிலாளர் குழுக்களே செய்தன. 1911இல் எந்தக் கடிகாரத்துக்கு எதிராக வார்ப்படத் தொழிலாளர்கள் வெளியேறினார்களோ, அதே கடிகாரத்தை இவர்கள் தம் கையில் பிடித்து ஒருவர் வேலையை ஒருவர் அளந்து, எளிய வழியைத் தாங்களே எழுதிவைத்தார்கள். சிக்கல் வந்தால் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தும் உரிமை ஒவ்வொருவருக்கும் இருந்தது. ஆட்குறைப்பு தவிர்க்க முடியாததானால் முதலில் மேலாளர்களின் சம்பளத்தைக் குறைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. 1988 வாக்கில் விற்பனை சரிந்து ஆலை தன் திறனில் 60 சதவீதத்துக்கும் கீழே ஓடியபோது அந்தச் சொல் சோதிக்கப்பட்டது. யாரையும் வேலையிலிருந்து அனுப்பவில்லை, உற்பத்தியில் தேவைப்படாதவர்களைப் பயிற்சியிலும் பராமரிப்பிலும் அமர்த்தினார்கள். என்னைக் கேட்டால் நம்மியின் வரலாற்றில் மிக முக்கியமான காலம் அதுதான். முறை வேரூன்றியதா என்பதை நல்ல காலத்தில் யாராலும் அறிய முடியாது.

ஆனால் இத்தனையையும் கண்முன் வைத்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளுக்கு அதைக் கொண்டுசெல்லத் திணறியது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் இருந்த வான் நைஸ் ஆலையிலும் முயன்றார்கள். மேலாளர்களும் தொழிலாளர்களும் ஒருவரையொருவர் நம்பவில்லை, 1992இல் அந்த ஆலை மூடப்பட்டது. அவர்கள் லைனை நிறுத்தும் கயிற்றையும் சிக்கலைக் காட்டும் பலகையையும் படியெடுத்தார்கள்; அதிகாரத்தைப் பங்கிடும் ஏற்பாட்டைப் படியெடுக்கவில்லை. நம்மியும் 2010இல் மூடப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். முந்தைய ஆண்டு திவாலான ஜெனரல் மோட்டார்ஸ் விலகிக்கொண்டது, டொயோட்டா தனித்து நடத்த முன்வரவில்லை. நல்ல முறையும் உரிமையாளர்களின் முடிவுக்கு மேலே நிற்பதில்லை.

நம் மண்ணில் இது நடக்காது என்று முடிவுகட்ட வேண்டாம். சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை 1998இல் இந்தியாவிலேயே முதலாவதாகப் பெற்றது; 2002இல் டிவிஎஸ் மோட்டார் பெற்றது. டிவிஎஸ் மோட்டாரின் ஆலை உங்கள் ஓசூரிலேயே இருக்கிறது.

பொறுப்பை ஏற்பதற்கு முன் உங்கள் நிர்வாகத்திடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். ஒரு தொழிலாளி, அவர் ஒப்பந்தத் தொழிலாளியாகவே இருந்தாலும், ரிஜெக்ஷனை, அதாவது குறையுள்ள உருப்படியை, பார்த்து லைனை நிறுத்தினால் அன்றைய டார்கெட் குறைந்ததற்கு யார் பதில் சொல்வது? ஐந்து பேர் செய்யும் வேலையை நான்கு பேர் செய்ய ஒரு குழு வழி கண்டுபிடித்தால் ஐந்தாமவர் எங்கே போவார்? தெளிவான விடை கிடைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், உங்களை நம்பும் சக தொழிலாளர்களிடம் இன்னொரு உறுதிமொழியை வாங்கும் ஆளாக நீங்கள் இருக்க வேண்டாம்.

அன்புடன்.