கையை எடுக்கும் நேரம்

அன்புள்ள அக்கா,

வெருலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ஒன்பது வயது மகளுக்காக மினியேச்சர் இனத்துக் குள்ளக் குதிரை ஒன்று வாங்கினேன். உயரம் 82 சென்டிமீட்டர். சொன்னதும் பக்கவாட்டில் நடக்க அதைப் பழக்க ஆசை. வேலை முடிந்து வந்து, இருட்டும்வரை தினமும் ஒரு மணி நேரம் பழக்குகிறேன். விலாவில் தள்ளினால் விலகாமல் என்மேலேயே சாய்கிறது. கேரட் கொடுத்தேன், இப்போது விரலைக் கடிக்கிறது. கட்டளையைத் தமிழில் சொல்வதா, ஆங்கிலத்திலா? முதலில் ஆசையாகக் கூட நின்ற மகளும் இப்போது வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறாள்.

அன்புள்ள தம்பி,

முதலில் திட்டிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் இருந்துகொண்டு, இருட்டும் நேரத்தில் குதிரையை வெளியே நிறுத்துவார்களா? குதிரையைக் கொல்லக்கூடிய ஆப்பிரிக்கக் குதிரை நோயைப் பரப்புபவை கொசுவைவிடச் சிறிய கடிபூச்சிகள். அந்தி முதல் விடியல்வரை அவற்றின் நேரம். கோடை முடிகிற பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை இன்னும் மோசம். தடுப்பூசி போட்டீர்களா என்றுகூட எழுதவில்லை. போடவில்லையென்றால் கால்நடை மருத்துவரை உடனே பாருங்கள். வெயில் இறங்குமுன் கொட்டகைக்குள் கட்டிவிடுங்கள். பழக்குவது காலையில், பத்தே நிமிடம்.

கேரட்டை விடுங்கள். அத்தனை சிறிய உடம்பு சீக்கிரம் கொழுத்துவிடும். பிறகு குளம்புக்குள் அழற்சி வந்து நொண்டும்.

சாய்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன். என் பேரன் தமிழ் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து தாத்தாவின் கோவேறு கழுதை என் நினைவில் வந்துகொண்டே இருக்கிறது.

டர்பனை ஒட்டிய காட்டோ மேனரில் தாத்தாவுக்குக் குத்தகைத் தோட்டம். கத்தரி, வெண்டை, கொத்தமல்லி. விடியுமுன் வண்டி கட்டிச் சந்தைக்குப் போவார். கழுதையின் பெயர் ராசா. கொட்டகை குறுகல்; ராசா சுவரோடு ஒட்டி நின்றுவிட்டால் உள்ளே நுழைய வழியிருக்காது. தாத்தா தோள் கொடுத்துத் தள்ளி நான் பார்த்ததே இல்லை. “ஒதுங்கு” என்பார். வார் கட்டும் இடத்தில் இரண்டு விரல் நுனியை வைப்பார். நான் லாந்தரைப் பிடித்துக்கொண்டு குளம்பையே பார்ப்பேன். குளம்பு வைக்கோலை விட்டு எழும்பும்; அது மறுபடி தரையைத் தொடுவதற்குள் தாத்தாவின் விரல் விலகியிருக்கும். ராசா வாயை மென்றுகொண்டு நிற்கும். அதன் பிறகுதான் அடுத்த எட்டு.

எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிகள் சட்டம் எங்களைக் கிளப்பி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய்ப் போட்டபோது ராசாவுக்கு அங்கே இடமில்லை. வாங்க வந்தவர் முழங்கையால் அதன் விலாவில் இடித்து இடித்துப் பார்த்தார். அசையவில்லை. கடைசியில் தாத்தாவே போய் இரண்டு விரலை வைத்தார்.

தள்ளினால் எதிர்த்துத் தள்ளுவது குதிரையின் பிறவிக் குணம், தம்பி. ஓர் ஈ உட்கார்ந்தால் தோலைச் சிலிர்த்து விரட்டுகிற பிராணிக்கு உங்கள் உள்ளங்கை எதற்கு? விரல் நுனியில் தொடங்கி, விலகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அது சாயும்போது சலித்துக் கையை எடுத்தால் சாய்வதைத்தான் கற்கும். உங்கள் வீட்டில் நடந்திருப்பது அதுதான். கால் விலகிய பிறகும் எடுக்காவிட்டால், விலகி என்ன பயன் என்று முடிவுகட்டிவிடும். தான் செய்தது சரி என்று அதற்குத் தெரிவது கை விலகும் அந்த நொடியில்தான்.

முதலில் தொடையில் விரல் வைத்துப் பின்னங்கால்களை மட்டும் விலக்குங்கள். பிறகு தோளில் வைத்து முன்னங்கால்கள். இரண்டும் வந்தபின் முகம் வேலியைப் பார்க்க நிறுத்தி, நடுவில் தொடுங்கள். முன்னால் வழியில்லாததால் பக்கத்தில்தான் போகும். காலைக் குறுக்கே மாற்றி ஓர் எட்டு வைத்தால் அன்றைக்குப் போதும். மறுபக்கத்தைத் தனியாகப் பழக்க வேண்டும்.

எந்த மொழியானாலும் குதிரைக்கு ஒன்றுதான். தொடுவதற்குச் சற்று முன் ஒரே சொல்லைச் சொல்லிவாருங்கள். நாளடைவில் சொல்லுக்கே நகரும்.

எனக்கு அப்படி இல்லை. எட்டு வயதில் மாலைத் தமிழ் வகுப்புக்குப் போனேன். ‘ழ’ வரவில்லை. “மறுபடி சொல்” என்பார் ஆசிரியர். ஒரு மாலை ‘பழம்’ சரியாகவே வந்துவிட்டது. என் காதுக்கே தெரிந்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “மறுபடி” என்றார். அடுத்த முறை பிசகியது, பிரம்பு விழுந்தது. பதினான்கு பேர் தொடங்கிய வகுப்பில் ஆண்டு முடியும்போது நான்கு பேர் இருந்தோம். நம் பிள்ளைகள் நாக்கில் தமிழ் இல்லை என்று மேடைதோறும் அழுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஆங்கிலப் பள்ளியும் அரசும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்துப் பேரை விரட்டியது நாம். ஒதுங்கு, நில், போதும் என்ற சொற்களை அதே ஆண்டு கொட்டகையில் நானும் ராசாவும் சேர்ந்து கற்றோம். அவை இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

மகள் வேலிக்கு வெளியே போனதை நீங்கள் ஒரு தகவலாக எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். தினமும் ஒரு மணி நேரம் நீங்கள் மல்லுக்கட்டுவதை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாளைக் காலை அவளை உள்ளே கூப்பிடுங்கள். விரலை அவள் வைக்கட்டும். நீங்கள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து குளம்பைப் பாருங்கள். அது எழும்பியதும் “எடு” என்று சொல்வது மட்டும் உங்கள் வேலை.

எந்தப் பக்கம் முதலில் நகர்ந்தது என்று அவளையே எனக்குத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். பிழை இருந்தால் நீங்கள் திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா