அழுத்தினால் மின்சாரம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அடுப்பு லைட்டர் உடைந்ததும் உள்ளே சின்னதாக ஒரு கல் இருந்தது. பையன் அதைச் சிமெண்டுத் தரையில் உரசி விளையாடுகிறான். அதில் ஈயம் இருக்கிறதாமே? – வாசகி, நிபோங் திபால்

பதில்: இருக்கிறது, அம்மா. அந்தக் கல் பெரும்பாலும் ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் மூன்றும் கலந்த, அழுத்தினால் மின்சாரம் தரும் பி.இசட்.டி. என்ற பீங்கான். எடையில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஈயம்தான். முழுக் கல்லைத் தொட்டதில் கெடுதல் இல்லை. உரசினால் வரும் தூள்தான் ஆபத்து. கல்லை வாங்கி மின்கழிவுப் பெட்டியில் போடுங்கள். பையனைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். உரசிய தரையைக் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

கேள்வி: கண்ணாடியைப் படிகமாக்கி, அழுத்தினால் மின்சாரம் தரும் ஈயமில்லாத வில்லை (வட்டத் தகடு) செய்கிறேன். மோல் கணக்கில் (எடையில் அல்ல) 2 பங்கு ஸ்ட்ரோன்டியம் ஆக்சைடு, 1 பங்கு டைட்டானியா, 2.75 பங்கு சிலிக்கா. உலையில் 950 டிகிரியில் வைத்து எடுத்தேன், எக்ஸ்ரே சோதனையில் படிகம் சரியாகவே வந்திருக்கிறது. ஆனால் அழுத்தினால் மீட்டரில் பூஜ்யம்! மின்னழுத்தம் கொடுத்துப் பார்த்தும் அசையவில்லை. – மாணவர், சுங்கை பாக்காப்

பதில்: மின்னழுத்தத்தை விட்டுவிடுங்கள், தம்பி. பி.இசட்.டி.யில் மின்புலம் கொடுத்தால் முனைவு, அதாவது கூட்டல்-கழித்தல் பக்கங்கள் நிற்கும் திசை, திரும்பும். உங்கள் படிகம் ஃப்ரெஸ்னோயிட் என்ற கனிமத்தின் குடும்பம். அதற்கு முனைவு உண்டு, ஆனால் மின்புலத்துக்குத் திரும்பாது. வளரும்போது எந்தப் பக்கம் நின்றதோ அந்தப் பக்கம்தான்.

ஐஸ் கட்டி எப்படி உறைகிறது? அச்சின் சுவர்களில் தொடங்கி, நடுவில் வந்து முட்டி, அங்கே மங்கலாக ஒரு கோடு விடும். உங்கள் வில்லையும் அப்படித்தான். உலைக்குள் எல்லாப் பக்கமும் ஒரே சூடு என்பதால் மேல்முகத்திலிருந்தும் கீழ்முகத்திலிருந்தும் படிக ஊசிகள் உள்நோக்கி வளர்ந்து எதிரெதிராக நிற்கின்றன. மேல்பாதி கொடுக்கும் மின்னூட்டத்தைக் கீழ்பாதி அழித்துவிடுகிறது. ஒரு வில்லையை உடைத்து, விளிம்பை உருப்பெருக்கியில் பாருங்கள்; ஊசிகள் முட்டிய கோடு தெரியும். இன்னொன்றை அந்தக் கோட்டோடு, முகங்களுக்கு இணையாக அறுத்து, இரண்டு பாதியையும் அதே மேல்-கீழ் நிலையில் அளந்தால் ஒன்று கூட்டலும் மற்றது கழித்தலும் காட்ட வேண்டும்.

அடுத்த முறை ஒரு முகத்தை மட்டும் சூடான தட்டில் படியவைத்து, மறுமுகத்தைக் குளிர்ந்த பக்கம் விடுங்கள். சூடாகும் முகத்தை எமரித் தாளில் லேசாகத் தேய்த்தால் படிகம் அங்கேதான் முளைக்கும். மறுமுகம் கண்ணாடிபோல் பாலிஷ் ஆகியிருக்கட்டும். ஒரு கீறல் போதும், அங்கிருந்தும் முளைத்துவிடும்.

100 கிராம் கண்ணாடிக்கு ஸ்ட்ரோன்டியம் கார்பனேட் 65.3, டைட்டானியா 17.7, சிலிக்கா 36.5 கிராம். மொத்தம் 119.5, கூடுதலாக உள்ள 19.5 கிராம் கரியமில வாயுவாகப் போய்விடும். உருக்குவதற்கு முன் கொடுக்கும் முதல் சூட்டுக்குப் பின் எடை இறங்கியதா என்று நிறுத்துப் பாருங்கள், இறங்காவிட்டால் கார்பனேட் மிச்சமிருக்கிறது, உருக்கும்போது பொங்கும். அலுமினா மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) உருக்காதீர்கள். அது கரைந்து கலவையைக் கெடுக்கும். பிளாட்டினம்தான் சரி.

கேள்வி: எங்கள் செம்பனை ஆலையில் கொதிகலன் பக்கத்துப் பம்பின் அதிர்வை அளக்க இந்த ஈயமில்லாத ஃப்ரெஸ்னோயிட் வில்லை உதவுமா? – தொழில்நுட்பர், சுங்கை பாக்காப்

பதில்: சூட்டுக்கு மிகப் பொருத்தம். பி.இசட்.டி. ஏறக்குறைய 350 டிகிரியில் முனைவை இழக்கும், அதற்கு வெகு முன்பே பலவீனமாகும். ஃப்ரெஸ்னோயிட்டில் அந்தப் பிரச்சினை இல்லை.

ஆனால் ஒரு நியூட்டனுக்கு 10 பிக்கோகூலோம் அளவில்தான் மின்னூட்டம் தரும்; பி.இசட்.டி. 300-க்கு மேல். 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. தடிப்புள்ள வில்லையின் மின்தேக்கம் சுமார் 7 பிக்கோஃபாரட்; ஒரு மீட்டர் கேபிளே 100 பிக்கோஃபாரட் விழுங்கும். சாதாரண மின்னழுத்தப் பெருக்கியில் பதினைந்தில் ஒரு பங்குகூட வந்து சேராது. மின்னூட்டப் பெருக்கி வாங்குங்கள், கேபிள் நீளம் அதைப் பெரிதாகப் பாதிக்காது. பெருக்கியைக் கொதிகலனிலிருந்து தள்ளி வைத்து, சூடு தாங்கும் உலோக உறைக் கேபிளால் இணையுங்கள். சாதாரண பிளாஸ்டிக் கேபிள் அங்கே உருகிவிடும்.